அயர்லாந்து பப்: இசை வந்து சேர்ந்த வரலாறு

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் முதல் நாள் மாலையிலேயே தேடிச் செல்லும் இடம் டெம்பிள் பார். லிஃபி ஆற்றின் தென்கரையில், கற்கள் பாவிய குறுகிய தெருக்களைக் கொண்ட பகுதி இது. பளிச்சென்ற வண்ணம் பூசிய முகப்புகள், சன்னல்களில் பூத்தொட்டிகள், திறந்த கதவு வழியே தெருவுக்கு வரும் வயலின் ஓசை, உள்ளே தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டம், மேசைகளில் வெண்ணுரை ததும்பும் கரிய பீர்க் கோப்பைகள். நூற்றாண்டுகளாக இப்படித்தான் இருந்து வருகிறது என்று புதிதாக வருபவர் எண்ணுவது இயல்பு.

கட்டடங்களில் சில உண்மையிலேயே பழையவை. அங்கே வாசிக்கப்படும் மெட்டுகளில் பல அதனினும் பழையவை. ஆனால் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வழக்கமாகச் சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அதற்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர்கள் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன தொழிலாளர்கள்.

பெயரும் தொடக்கமும்

பொதுமக்கள் வந்து அருந்தும் இல்லம் என்ற பொருளில் வழங்கிய 'பப்ளிக் ஹவுஸ்' என்ற சொல்லின் சுருக்கமே பப். அயர்லாந்தில் மதுக்கடை நடத்துவோர் உரிமம் பெறவேண்டும் என்ற சட்டம் 1635-ஆம் ஆண்டில் வந்தது. பழமையான பப் எது என்பதில் இன்றும் போட்டி உண்டு. டப்ளினின் 'பிரேசன் ஹெட்' தன் தொடக்கத்தை 1198-ஆம் ஆண்டு என்று சொல்லிக்கொள்கிறது; இன்று நிற்கும் கட்டடமோ பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள அத்லோன் நகரின் 'ஷான்ஸ் பார்' இன்னும் பின்னே சென்று 900-ஆம் ஆண்டைக் குறிப்பிடுகிறது. இத்தகைய ஆண்டுகளை வணிகப் பெருமையாகக் கொள்வதே பொருத்தம்.

1759-ஆம் ஆண்டில் ஆர்தர் கின்னஸ் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் பகுதியில் ஒரு மதுவடி ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில், 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே உருவான கரிய பீர் பின்னாளில் அயர்லாந்து பப்பின் அடையாளமாகவே ஆயிற்று.

பாதி மளிகை, பாதி மது

பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் சிற்றூர் பப்பைப் பெரும்பாலும் ஒரு கடை என்றே சொல்லவேண்டும். ஒரு பக்கத்தில் தேயிலை, சர்க்கரை, மாவு. மறுபக்கத்தில் பீர், விஸ்கி. சில கடைகளில் ஆணியும் கயிறும் விற்றார்கள். பல ஊர்களில் பப் உரிமையாளரே இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளையும் செய்து கொடுத்தார். கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் நகரில் இந்தச் சாயல் இன்னும் எஞ்சியிருக்கிறது. அங்குள்ள 'ஃபாக்ஸி ஜான்ஸ்' என்ற பப்பில் ஒரு பக்கம் இரும்புச் சாமான் கடை. 'டிக் மேக்ஸ்' என்ற மற்றொன்றில் முன்பு தோல் பொருள்கள் விற்ற பகுதியை இன்றும் காணலாம்.

நகரங்களில் விக்டோரியா அரசி காலத்துப் பப்கள் வண்ணக் கண்ணாடி, செதுக்கிய மரம், ஓடு பதித்த தரை என்று அலங்காரமாக எழுந்தன. பெல்ஃபாஸ்ட் நகரின் 'கிரவுன்' இதற்குச் சிறந்த சான்று. 1978-ஆம் ஆண்டில் மரபுரிமைக் காப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் அதை வாங்கிப் பாதுகாத்தது. இத்தகைய பப்களில் 'ஸ்னக்' எனப்படும் சிறு தடுப்பறை இருக்கும். மற்றவர் கண்ணில் படாமல் குடிக்க விரும்பியவர்கள் அதனுள் அமர்ந்தார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் அந்த அறை மட்டுமே இடமாக இருந்தது. 1970-களில்கூடச் சில பப்கள் பெண்களுக்கு ஒரு முழுப் பைன்ட் பீர் ஊற்றித்தர மறுத்தன. பெண்ணியவாதிகள் அதை எதிர்த்துப் போராடினார்கள். 2000-ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டம் இத்தகைய பாகுபாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் செய்தது.

மதுவுக்கு எதிரான குரலும் அதே மண்ணில் வலுவாக ஒலித்தது. 1838-ஆம் ஆண்டில் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தனர். 1898-இல் டப்ளினில் தோன்றிய 'பயனியர்' சங்கமும் முழு மதுவிலக்கை வலியுறுத்தியது. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் காவல் புனிதரான பேட்ரிக் நாளன்று பப்களை மூடவைத்தது. இன்று உலகமே கோப்பை உயர்த்திக் கொண்டாடும் மார்ச் 17 அன்று, அயர்லாந்தில் அக்காலத்தில் பப் கதவுகள் அடைத்துக் கிடந்தன. பெரிய வெள்ளிக்கிழமைக்கான தடை 2018 வரை நீடித்தது.

இசை இருந்த இடம்

அப்படியானால் இசை எங்கே இருந்தது? பெரும்பாலும் வீட்டில். கிராமத்துச் சமையலறையே ஊரின் அரங்கு. மாலையில் அண்டை வீட்டார் கூடுவார்கள். யாரேனும் ஒருவர் பிடில் அல்லது புல்லாங்குழல் எடுப்பார். மேசையை ஓரமாக நகர்த்திவிட்டு ஆடுவார்கள். கோடைக்காலத்தில் ஊர்ச் சாலைகள் சந்திக்கும் இடத்தில் நடனம் நடக்கும். இசை நடனத்துக்குத் துணையாக இருந்தது. உட்கார்ந்து கேட்பதற்கென்று வாசிப்பது அரிது.

1935-ஆம் ஆண்டில் வந்த பொது நடனக்கூடச் சட்டம் இந்த வழக்கத்தைப் பெரிதும் பாதித்தது. பொது நடனத்துக்கு நீதிமன்ற உரிமம் கட்டாயமாயிற்று. வீட்டு நடனத்தைச் சட்டம் நேரடியாகக் குறிப்பிடவில்லை. ஆயினும் பல இடங்களில் பாதிரியார்களும் காவலர்களும் அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் நிறுத்தினர். நடனம் உரிமம் பெற்ற கூடங்களுக்குப் போயிற்று. அங்கே பெரிய வாத்தியக் குழுக்கள் வந்தன. சமையலறைக் கலைஞர்களுக்கு வேலை குறைந்தது.

லண்டனின் வாடகை அறைகள்

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான பிரிட்டிஷ் நகரங்களை மீண்டும் கட்ட ஆள் தேவைப்பட்டது. அயர்லாந்தின் மேற்கு மாவட்டங்களில் வேலை இல்லை. 1950-களில் மட்டும் சுமார் 4 இலட்சம் பேர் நாட்டைவிட்டுச் சென்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போன இடம் பிரிட்டன். பகலில் சாலை தோண்டியும் கட்டடம் எழுப்பியும் உழைத்தவர்கள் இரவில் சிறு வாடகை அறைகளுக்குத் திரும்பினார்கள். அங்கே பலர் கூடி வாசிக்க இடமும் இல்லை, வீட்டுக்காரரின் அனுமதியும் இல்லை. ஊரில் சமையலறை செய்த வேலையை லண்டனில் பப் செய்யத் தொடங்கியது.

லண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் 'பெட்ஃபோர்ட் ஆர்ம்ஸ்' என்ற பப்பில் ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில் கலைஞர் மைக்கேல் கோர்மனும், பாடகி மார்கரெட் பேரியும் வாசித்துப் பாடினர். கிளேர், கால்வே, ஸ்லைகோ என்று வெவ்வேறு மாவட்டத்துக்காரர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தபோது வெவ்வேறு வட்டாரப் பாணிகள் ஒன்றோடொன்று கலந்தன. இன்று 'செஷன்' என்று அழைக்கப்படும் கூட்டு வாசிப்பு இவ்வாறுதான் பப்பில் வேரூன்றியது.

திரும்பி வந்த இசை

அயர்லாந்திலும் இதே காலத்தில் மறுமலர்ச்சி தொடங்கியது. 1951-ஆம் ஆண்டில் மலிங்கர் நகரில் மரபிசைக் கலைஞர்களின் சங்கமான 'கோல்டஸ்' தோன்றி, முதல் இசைத் திருவிழாவை நடத்தியது. விழாவுக்கு வந்தவர்கள் போட்டிகள் முடிந்தபின் ஊரின் பப்களிலும் தெருக்களிலும் கூடி வாசித்தார்கள். இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா 1960-களின் தொடக்கத்தில் மரபு வாத்தியங்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார். ஆட்டுத்தோல் போர்த்திய 'பௌரான்' என்ற கைப்பறைக்கு மேடையில் இடம் கிடைத்தது அவரால்தான்.

டப்ளினில் அந்நாளில் பல பப்கள் பாடுவதையே அனுமதிக்கவில்லை. மெரியன் ரோ தெருவிலிருந்த 'ஓ டானஹூ' பப் அதற்கு விலக்கு. ரோனி ட்ரூ, லூக் கெல்லி, பார்னி மெக்கென்னா, கியாரன் பூர்க் ஆகியோர் அங்கே கூடிப் பாடி, 1962-இல் 'தி டப்ளினர்ஸ்' குழுவாயினர். ஜேம்ஸ் ஜாய்ஸின் சிறுகதைத் தொகுப்பின் பெயரே அவர்களின் குழுவுக்கும் பெயராயிற்று. மேற்குக் கடற்கரையில், கிளேர் மாவட்டத்தின் டூலின் என்ற சிற்றூரில் மிக்கோ ரஸலும் அவருடைய சகோதரர்களும் வாசிப்பதைக் கேட்க வெளிநாட்டினர் வரத் தொடங்கினர்.

செஷனுக்கு மேடை இல்லை. கலைஞர்கள் பார்வையாளரை நோக்கி அமராமல், ஒருவரையொருவர் பார்த்து வட்டமாக அமர்வார்கள். ஒருவர் மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு மெட்டும் இரண்டு மூன்று முறை திரும்ப வாசிக்கப்பட்டு, இடைவெளியின்றி அடுத்ததற்குப் போகும். பிடில், புல்லாங்குழல், தகரக் குழல், முழங்கையால் காற்றூட்டும் இல்லன் பைப், கான்செர்டினா ஆகியவை வழக்கமானவை. இன்று பல செஷன்களில் காணப்படும் புசூக்கி கிரேக்க நாட்டு வாத்தியம். 1960-களில் ஜானி மொய்னிஹன் கொண்டுவந்து சேர்த்தது. மரபு என்பது புதியதைச் சேர்த்துக்கொண்டே நடப்பது என்பதற்கு இது சிறு சான்று.

சுற்றுலாவும் ஏற்றுமதியும்

1980-களில் டெம்பிள் பார் இடிக்கப்படும் நிலையில் இருந்தது. அரசுப் போக்குவரத்து நிறுவனம் பேருந்து நிலையம் கட்டுவதற்காக அங்கே கட்டடங்களை வாங்கியது. வேலை தொடங்கும்வரை அவற்றைக் குறைந்த வாடகைக்கு விட, கலைஞர்களும் சிறு கடைக்காரர்களும் குடிவந்தனர். பகுதிக்குப் புதிய உயிர் வந்தது. பேருந்து நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. 1991-ஆம் ஆண்டில் டப்ளின் ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாக இருந்தபோது, டெம்பிள் பாரைப் புதுப்பிக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பண்பாட்டுக்காகக் காப்பாற்றப்பட்ட பகுதி நாளடைவில் சுற்றுலாப் பப்களின் மையமாயிற்று. இங்கே பெரும்பாலும் ஊதியம் பெறும் கலைஞர்கள் ஒலிபெருக்கி வைத்துப் பயணிகள் அறிந்த பாடல்களைப் பாடுகிறார்கள். உள்ளூர் மக்களில் பலர் விலை கருதி வேறு பகுதிகளுக்குச் செல்கிறார்கள்.

1990-களில் பப்பே ஏற்றுமதிப் பொருளாகியது. கட்டடக் கலைஞர் மெல் மெக்னாலியின் 'ஐரிஷ் பப் கம்பெனி' கின்னஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு சிற்றூர்க் கடை, விக்டோரியா பாணி முதலான மாதிரிகளை வகுத்தது. மரவேலைகளை அயர்லாந்தில் செய்து, கப்பலில் அனுப்பி, பல நாடுகளில் பப்களை அமைத்தது. மளிகைப் பொருள் விற்காத மளிகை அலமாரிகள் அங்கெல்லாம் அலங்காரமாக நின்றன.

மூடப்படும் கதவுகள்

இதே காலத்தில் அயர்லாந்தின் கிராமத்துப் பப்கள் குறைந்துவருகின்றன. 2005-க்கும் 2021-க்கும் இடையே நாட்டின் பப்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டதாக மதுத்தொழில் கூட்டமைப்பின் கணக்கு சொல்கிறது. காரணங்கள் பல. 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிய உரிமம் வேண்டுவோர் பழைய ஒன்றை வாங்கி நீக்கவேண்டும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் உரிமத்தை நாட்டின் எப்பகுதிக்கும் மாற்ற முடிந்ததால், சிற்றூர் உரிமங்கள் நகரத்துப் பேரங்காடிகளுக்கு விலைபோயின. அங்கே மது மலிவாகக் கிடைத்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான விதிகள் 2011-இல் மேலும் கடுமையாயின. அவை உயிர்களைக் காத்தன; பேருந்து இல்லாத கிராமங்களில் பப்புக்குப் போய்வரும் வழியையும் அடைத்தன. இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் ஒரு காரணம்.

மூடப்படுவது மது விற்கும் இடம் மட்டும் என்றால் பலர் வருந்தமாட்டார்கள். தனியே வாழும் முதியவர் வாரம் ஒருமுறை நாலு பேரோடு பேசிய இடமும், ஊர்ச்சாவு பற்றியும் மாட்டு விலை பற்றியும் செய்தி கேட்ட இடமும் அதுவே. இளம் கலைஞர் மூத்தவர் அருகில் அமர்ந்து மெட்டுக் கற்ற இடமும் அதுவாக இருந்தது. 2017-இல் இல்லன் பைப் வாசிப்பும், 2019-இல் யாழ் வகையான ஹார்ப் வாசிப்பும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. பப்புக்கு அப்படி ஒரு காப்பு இல்லை.

சமையலறையில் இடமிழந்தபோது இசை லண்டன் பப்புக்குச் சென்று பிழைத்தது. அங்கிருந்து ஊர் திரும்பியது. சிற்றூர்ப் பப்கள் மூடப்படும் இக்காலத்தில் மரபிசைப் பள்ளிகளும் கோடைக்காலப் பயிலரங்குகளும் கற்பிக்கும் பணியைத் தொடர்கின்றன. டெம்பிள் பாரின் இரைச்சலைத் தாண்டி, ஒலிபெருக்கி இல்லாத ஒரு பப்பின் மூலையில் வட்டமாக அமர்ந்து வாசிப்பவர்களைக் காணும் பயணி, அந்த வீட்டுச் சமையலறையின் எச்சத்தையே காண்கிறார்.