பழகு தோட்டா

மைசூரிலிருந்து உதகமண்டலம் செல்லும் பெருவழியில், வயல்வெளி முடிந்து காடு தொடங்குமுன் வரும் பேரூர் குண்டலுபேட்டை. அதன் தெற்கே விரிந்து கிடக்கும் பந்திப்பூர்க் காடு ஒரு காலத்தில் மைசூர் மன்னர்களின் வேட்டைக்களமாக விளங்கிற்று. 1931-ஆம் ஆண்டில் அக்காட்டின் ஒரு பகுதி, கோபாலசுவாமி மலையில் எழுந்தருளியுள்ள வேணுகோபாலரின் பெயரால் வனவிலங்குப் புகலிடம் ஆயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது; மறு ஆண்டில் பந்திப்பூர் புலிக் காப்பகமாகவும் ஆயிற்று. வேட்டையின் காலம் முடிந்துவிட்டபடியால், இன்று நம் நாட்டில் துப்பாக்கியை விளையாட்டாகப் பயில்வோருக்குக் காகிதத்தில் அச்சிட்ட வட்டங்களே இலக்கு.

அத்தகைய ஒருவர் நுட்பமான புதிய ரைபிள் ஒன்றைப் பெற்றவுடன் அவர்முன் எழும் முதல் வினா, பழகுவதற்கு எந்தத் தோட்டாவைக் கொள்வது என்பதாகும். பார்வைக்கு எளிய வினா, விடையோ எளிதன்று. ஐம்பது மீட்டர்த் தொலைவில் பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு சுண்டைக்காயின் அளவு என்னலாம். ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் செய்த இரண்டு ரைபிள்களும் ஒரே தோட்டாவை ஒருபடித்தாக ஏற்பதில்லை. ஒன்று நெருக்கமாகக் குழுமச் சுடும், மற்றொன்று சிதறடிக்கும். விலை மிகுந்த போட்டித் தோட்டாவையே நாள்தோறும் செலவிட்டால் கைப்பொருள் கரையும். மலிவானதைக் கொண்டு பழகினாலோ, குண்டு விலகியது கையின் பிழையா, தோட்டாவின் பிழையா என்பது விளங்காமற்போகும்.

இந்த வினா நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டில் கேட்கப்பட்டு வருவது. ஒருமுறை அதற்குத் தவறான விடை அளிக்கப்பட்டபோது ஓர் அரசே ஆட்டங்கண்டது. 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சியைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்திருக்கிறோம். கொழுப்பு தடவிய தோட்டாவின் கதையையும் அறிவோம். ஆயினும் அந்தச் சச்சரவு எழுந்த இடம் போர்க்களமன்று, புதிய துப்பாக்கியைப் பழகுவதற்கென ஏற்படுத்திய பயிற்சிக் கூடம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதுவரை கம்பெனியின் சிப்பாய் ஏந்தியது 'பிரவுன் பெஸ்' எனும் பழைய மஸ்கெட். அதன் குழல் உட்புறம் வழுவழுப்பானது. விட்டம் முக்கால் அங்குலம். குண்டோ அதைவிடச் சிறியது. குழலுக்குள் உருண்டு இறங்கி, தட்டித் தடுமாறி வெளியேறும். நூறு கெஜத்துக்கு அப்பால் அதனால் ஒருவனைக் குறிபார்த்து அடிப்பது அரிது. அதன் இடத்தில் வந்தது 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள். அதன் குழலினுள்ளே மூன்று சுரிப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. நீண்ட கூம்பு வடிவான ஈயக்குண்டு அச்சுரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே பாயும். பல நூறு கெஜங்களுக்கு அப்பாலும் குறி தப்பாது. அந்நாளில் அது வியக்கத்தக்க நுட்பம்.

ஆனால் நுட்பம் சில நிபந்தனைகளையும் உடன் கொண்டுவந்தது. குண்டு குழலை இறுகப் பொருந்தினாலன்றிச் சுரி அதைப் பற்றாது. அக்காலக் கருமருந்தோ எரிந்தபின் தடித்த கரியைக் குழலில் படியவிடும். சில வேட்டுகளுக்குப் பின் மேல்வாயிலிருந்து குண்டை இறக்குவதே கடினமாகிவிடும். ஆதலின் குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தின்மீது கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த மசகைப் பூசினர். மருந்தும் குண்டும் அடங்கிய அக்காகிதச் சுருளின் நுனியைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, பிறகு குண்டைத் தலைகீழாக்கி உள்ளே செலுத்த வேண்டும். பல்லால் கடிப்பது பழைய மஸ்கெட்டுக்கும் உரிய வழக்கமே. புதிதாக வந்தது கொழுப்பு. அது எந்த விலங்கின் கொழுப்பு?

இவ்வினாவை முன்கூட்டியே எழுப்பிய ஆங்கிலேயர் ஒருவரும் இருந்தார். தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக 1853-இல் மசகு பூசிய தோட்டாக்கள் இங்கு வந்தபோது, வங்காளப் படையின் அட்ஜுடண்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், எவருடைய சமயத்தையும் புண்படுத்தாத மசகு என்று உறுதியானாலன்றி இவற்றை இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்கலாகாது என எழுதினார். எழுத்து கோப்பில் உறங்கிற்று. 1806-இல் வேலூர்க் கோட்டையில் தோல் பொருத்திய புதிய தலைப்பாகையால் விளைந்த இரத்தக் களரியை நினைவில் கொண்டிருந்தோர் அந்த எச்சரிக்கையை இவ்வளவு எளிதில் ஒதுக்கியிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என்பீல்டைப் பழக்குவதற்குக் கல்கத்தாவை அடுத்த டம்டமிலும், வடக்கே அம்பாலாவிலும் சியால்கோட்டிலும் பயிற்சிக் கூடங்கள் அமைந்தன. ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் சிலர் அங்கே வந்து கற்று, திரும்பிச் சென்று மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1857 ஜனவரியில் டம்டமில் ஒரு கலாசி, பிராமணச் சிப்பாயிடம் அவருடைய லோட்டாவில் தண்ணீர் கேட்டதாகவும், அவர் மறுத்தபோது, பசுக்கொழுப்பையும் பன்றிக்கொழுப்பையும் கடிக்கப்போகும் உமக்குச் சாதி ஏது என்று அவன் ஏளனம் செய்ததாகவும் செய்தி மேலிடத்துக்கு எட்டிற்று. பயிற்சி அப்போது சுடும் கட்டத்தையே அடையவில்லை என்பது கருதத்தக்கது. கூடத்தின் தலைவர் மேஜர் பான்ட்டீன் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்திக் கேட்டபோது, மெழுகும் எண்ணெயும் போதுமே என்று அவர்களே வழி சொன்னார்கள்!

அது நியாயமான வழி. வேண்டிய பொருளைக் கடைத்தெருவில் தாங்களே வாங்கிப் பூசிக்கொள்ளட்டும் என்று தளபதி ஹியர்சி பரிந்துரைக்க, ஜனவரி மாத இறுதிக்குள் அரசாங்கம் இசைந்தும்விட்டது. எனினும் காலம் கடந்திருந்தது. மசகின்மேல் எழுந்த ஐயம் காகிதத்தின்மேல் தாவிற்று. காகிதம் பளபளக்கிறது, எரித்தால் கொழுப்பு நாற்றம் வீசுகிறது என்றனர். பிப்ரவரி 26-ஆம் நாள் பெர்ஹாம்பூரில் 19-ஆம் படைப்பிரிவினர் மறுத்தவை பழைய மஸ்கெட்டின் தோட்டாக்களே. அவற்றின் காகிதம் இரு நிறமாக இருந்தது. இருவேறு தொகுதிகள் கலந்திருந்தமையே காரணம். ஒரே பெயர் தாங்கிய தோட்டாவும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும் என்பதை இன்றைய குறிசுடுவோர் குண்டு சிதறுவதைக் கண்டு அறிகின்றனர். அன்றைய சிப்பாய் காகிதத்தின் நிறத்தைக் கண்டு அஞ்சினார்.

அம்பாலாவில் நிகழ்ந்ததை இன்னும் துயரமானது என்பேன். மார்ச்சு மாதத்தில் தலைமைத் தளபதி ஆன்சன் அங்கு வந்தார். அவருக்குக் காவலாக வந்த 36-ஆம் படைப்பிரிவின் சுபேதார் ஒருவர், பயிற்சிக் கூடத்தில் இருந்த தம் பிரிவினர் இருவரைப் பார்த்து, நீங்கள் கிறித்தவராகிவிட்டீர்கள் என்று இகழ்ந்தார். கூடத்தின் தலைவர் காப்டன் மார்ட்டினோ, இவர்கள் ஊர் திரும்பினால் உறவினரால் விலக்கப்படுவர் என்று கவலையுடன் எழுதினார். சுடும் பயிற்சியை ஆன்சன் நிறுத்திவைத்தார். பின்வாங்கினால் ஐயத்தை நாமே மெய்ப்பிப்பதாகும் என்றார் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு. ஏப்ரல் நடுவில் நெய்யும் மெழுகும் தாமே தடவிய தோட்டாக்களைக் கொண்டு அச்சிப்பாய்கள் சுட்டார்கள். தோட்டா மாசற்றது, அதைச் சுட்டவனோ தன்னவர் கண்ணுக்கு மாசுற்றவன். இரவுதோறும் பாசறையில் தீ எழுந்தது.

ஏப்ரல் 24-ஆம் நாள் மீரட்டில் கர்னல் கார்மைக்கேல் ஸ்மித் குதிரைப்படையினர் தொண்ணூறு பேரை அணிவகுப்புக்கு அழைத்தார். பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கும் புதிய முறையைக் காட்டுவதே நோக்கம், சுடுவதன்று. அவர் கொடுத்தவையும் பழைய வகைத் தோட்டாக்களே. எண்பத்தைந்து பேர் தொட மறுத்தனர். மே 9-ஆம் நாள் அவர்கள் காலில் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் எழுந்தது. அயோத்தி இணைப்பு, கடல்கடந்தும் பணிபுரிய வேண்டும் என்ற 1856-ஆம் ஆண்டுச் சட்டம் முதலிய ஆழ்ந்த காரணங்கள் வேறு உண்டு. அவற்றை இங்கு விரிக்கவில்லை.

கிளர்ச்சிக்குப் பின் நிகழ்ந்த ஒன்றை நேயர்கள் கருத வேண்டும். இந்தியச் சிப்பாய்களுக்கென்று, புறத்தோற்றத்தில் என்பீல்டைப் போன்று, உள்ளே சுரியற்ற குழலுடைய துப்பாக்கிகள் செய்யப்பெற்றன. எந்த நுட்பத்தைப் பழக்குவதற்காக இத்தனை பூசல் விளைந்ததோ, அந்த நுட்பமே வேண்டுமென்று அழிக்கப்பட்டது. காகிதத் தோட்டாவின் வாழ்வும் நெடிதன்று. 1866-ஐ ஒட்டிப் பின்புறம் திறந்து தோட்டா இடும் ஸ்னைடர் ரைபிள் வந்தது. உலோகத் தோட்டா வந்தது. கடிப்பதற்கும் கிழிப்பதற்கும் இடமில்லாமற்போயிற்று.

1857-இல் டில்லியில் போரிட்ட இளம் அதிகாரி பிரெடரிக் ராபர்ட்ஸ், 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். சென்னை அரசின் கோடைத் தலைநகரான உதகை அவருக்குப் பழகிய ஊர். 1897-இல் வெளிவந்த தம் நினைவு நூலில், அந்த மசகில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் உண்மையாகவே கலந்திருந்தன என்பதை அரசாங்க ஆவணங்களின் சான்றுகொண்டு அவர் ஒப்புக்கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஒப்புதல்! அதே ராபர்ட்ஸ் முதுமையில், பொதுமக்கள் சிறுகுழல் ரைபிளில் மலிவான .22 தோட்டாவைக் கொண்டு குறிபழக வேண்டும் என்று இங்கிலாந்தில் இயக்கம் நடத்தினார்.

1887-இல் அமெரிக்காவில் உருவான .22 நீள் ரைபிள் தோட்டாவே இன்றும் ஐம்பது மீட்டர்ப் போட்டிக்கு உரியது. அதன் ஈயக்குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம். தேர்ந்தவர்கள் ரைபிளைத் தாங்கியில் பூட்டி, பல தொகுதிகளைப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, தம் குழல் விரும்பும் தொகுதியை எடுத்துக்கொள்கின்றனர். தொடக்க நிலையில் உள்ளவருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. நிற்கும் நிலையையும் விசையிழுக்கும் விரலையும் பழக்க மலிவான தோட்டா போதும். குறிகாட்டியைத் திருத்தும்போது மட்டும் போட்டிக்குரியதையே இட வேண்டும். அக்குண்டின்மீதும் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முந்தைய பூச்சின் மிச்சம் குழலில் ஒட்டியிருக்கும். ஆதலால் முதல் பத்திருபது வேட்டுகளை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.