‘100/20’: கன்ட்ரோலர் நெற்றியில் உள்ள வரிக்கு ஓர் உரை

தெனாகா மின்கம்பி எட்டாத எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் ஜொகூரில் இன்னும் உண்டு. அங்கே கொட்டகைக்கு சோலார் போடுகிறவர்கள் பேனலைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, சார்ஜ் கன்ட்ரோலரை மட்டும் விலை கேட்டு எடுத்துவிடுகிறார்கள். அதன் மேல் அச்சிட்ட வரியை நின்று படிக்க வேண்டும்: ‘எம்பிபிடி 12/24 வோல்ட், 100/20’.

‘எம்பிபிடி’: பேனல் எந்த வோல்ட்டில் அதிக வாட் தருமோ அதைத் தேடிப் பிடித்து, மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றி பேட்டரிக்கு ஊட்டும் வகை. மலிவான பிடபிள்யூஎம் வகையோ பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கே இறக்கிவிடும். அதனால் எங்கும் எம்பிபிடிதான் வேண்டுமா? ஜொகூர் வெயிலில் நான் அப்படிச் சொல்லமாட்டேன். 36 செல் பேனலில் எழுதியிருக்கும் 18 வோல்ட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் உச்சிவெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். வோல்ட் 16க்குப் பக்கத்தில் வந்துவிடும். 14.4 வோல்ட் வரை ஏற்றும் பேட்டரிக்கு மாற்றித்தர அதில் மிச்சம் கொஞ்சமே. இத்தகைய சிறு பேனல் ஒன்றிரண்டுக்கு பிடபிள்யூஎம் தாராளம். வீட்டுக்கூரைக்கென்று வரும் 400 வாட் பேனல் அப்படியல்ல. 31 வோல்ட், 13 ஆம்பியர் அளவில் தருவது அது. பிடபிள்யூஎம் வழியே 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் அதே 13 ஆம்பியர்தான் போய்ச்சேரும். பாதிக்குமேல் வீண்.

‘100’: பேனல் பக்கமிருந்து தாங்கும் உச்ச வோல்ட். இதை மீறினால் கருவி போய்விடும். பேனலின் முதுகில் விஓசி (சுமை மாட்டாதபோது பேனல் காட்டும் வோல்ட்) என்றிருக்கும் எண்ணைக் கூட்டிப் பாருங்கள். 37 வோல்ட் பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் 74. மூன்றானால் 111, ஆகாது. குளிரில் விஓசி ஏறும் என்பதால் குளிர்நாடுகளில் பெரிய இடைவெளி விடுவார்கள். நம் விடியல் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஏற்றம் ஒன்றிரண்டு சதவீதமே.

‘20’: பேட்டரிக்குத் தரும் உச்ச ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியில் இது சுமார் 290 வாட்; ‘12/24’ என்றதால் அதே கருவி 24 வோல்ட்டில் 580 வாட் வரை தரும். பேனல் இதற்குமேல் தந்தால் எம்பிபிடி தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். ஆகவே கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் பேனலைச் சற்றுக் கூடுதலாகவே போடலாம். வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் முதல் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில், அது கைகொடுக்கும்.

வரியில் இல்லாதது வெப்பத்திருத்தம். ஈய அமில பேட்டரி சூடான கொட்டகையில் இருந்தால் ஏற்றும் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். டிகிரிக்கு 16 மில்லிவோல்ட் குறைக்கும் கருவிகள் உண்டு. லித்தியம் பேட்டரி வைப்பவர்கள் அந்தத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும்.