அடிப்பிடித்த பாத்திரமும் அடுப்புச் சாம்பலும்



அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சோடா உப்பு போடுங்கள் என்று நம் குழுவில் ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாத்திரத்துக்கு என்று மட்டும் அதில் இல்லை. அங்கேதான் வரலாறு இருக்கிறது. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாட்டி காலத்து அடுக்களையில் மண்சட்டி போக மற்றவை பித்தளை, வெண்கலம், செம்பு. துலக்குவதற்குச் சாம்பல், புளிச்சக்கை, செங்கல் பொடி, தேங்காய் நார். எதற்கும் தனியாகக் காசு கிடையாது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை அது எடுக்கும். புளியில் டார்டாரிக் அமிலம். பித்தளையின் கறுப்பையும் பச்சைக் களிம்பையும் அது கரைக்கும். பிசுக்குக்குச் சாம்பல், களிம்புக்குப் புளி. பள்ளிக்கூடம் போகாத பெண்கள் இதில் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

பாத்திரத்தின் உள்பக்கம் வேறு சங்கதி. பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்பதால் ஈயம் பூசுவார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவோரம் குழி வெட்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு இழுப்பு இழுப்பார். வெள்ளைப் புகை எழும்பும், உள்ளே வெள்ளி போல மின்னும். ஆனால் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தண்ணீர் வற்றித் தீய்ந்தால் பூச்சு போச்சு. செங்கல் பொடியால் சுரண்டினாலும் போச்சு. அதனால் தீய்ந்ததைச் சுரண்டாமல் தண்ணீர் ஊற்றி, ஊறவைத்து, தானாக உரியவிட்டார்கள். ஈயச்சொம்பு இன்னும் மோசம். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பே வழிந்து ஓடிவிடும். அதற்காகப் புது மருமகள்கள் வாங்கிய வசவு கொஞ்சமா!

பிறகு அலுமினியம் வந்தது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே கண்ட முறையால் அதன் விலை சரிந்தது. 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். எடை குறைவு, விலை குறைவு, ஈயம் பூச வேண்டாம். ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் காரம் அலுமினியத்தை அரித்துவிடும். பாத்திரம் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அடி மெலிந்து ஓட்டை விழுந்த குண்டான்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

எவர்சில்வர் 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்ட உருக்கின் வழி வந்தது. அதற்காக நல்ல பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் எடைக்குப் போட்டோம். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

சோடா உப்பு பொருந்துவது இந்த எவர்சில்வருக்கு. தண்ணீரோடு கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, நாரால் தேயுங்கள். வினிகரைச் சேர்த்து ஊற்றாதீர்கள். நுரை பொங்கும், ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். அலுமினியத்துக்குப் புளித்தண்ணீரோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்கவைத்து உடனே கழுவுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தவாவுக்கு வெந்நீரும் துணியும் போதும்.

யார் வீட்டுப் பரணிலாவது ஈயம் பூசிய பித்தளை கிடந்தால், அதில் கைவைக்குமுன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.