யாழ்ப்பாணக் கிணறுகளும் மூன்று நஞ்சுகளும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல்துறைப் பேராசிரியர் நோபிள் சுரேந்திரனும் சகாக்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்று உரிய கவனத்தைப் பெறவில்லை. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற நுளம்பு யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது, டி.டி.ரி., மலத்தியன், டெல்ராமெத்ரின் ஆகிய மூன்று நஞ்சுகளையும் எதிர்த்து நிற்கின்றது என்கிறது அது.

இலங்கையின் மலேரியா வரலாறே இம்மூவகை நஞ்சுகளின் வரலாறுதான். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய 1946-இல் நோயாளர் ஏறத்தாழ 28 இலட்சம். 1963-இல் வெறும் 17 பேர்! நோய் ஒழிந்ததென நம்பித் தெளிப்பை நிறுத்தினார்கள். 1969-இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் வீழ்ந்தனர். ராச்சல் கார்சனின் நூலால் டி.டி.ரி. கைவிடப்பட்டதே இதற்குக் காரணம் என்று இன்றும் எழுதுவோர் உளர். உண்மை வேறு. 1968 முதல் மீண்டும் டி.டி.ரி.தான் தெளிக்கப்பட்டது, நுளம்புதான் மடியவில்லை. முன்னைய தெளிப்புகளுக்குத் தப்பிய சிலவற்றின் சந்ததியே பெருகியிருந்தது.

1977-இல் டி.டி.ரி.க்குப் பதில் மலத்தியன் முழுமையாக இடம்பிடித்தது. அதை விவசாயத்துக்கு விடாமல் மலேரியாவுக்கென்றே ஒதுக்கினார்கள். நமது நிருவாகத்தில் அரிதாகக் காணப்படும் முன்யோசனை! ஆயினும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு நஞ்சுகள் வயல்களில் தாராளமாகப் பாய்ந்தன. வீட்டுக்குள் தங்காததால் சுவர்த்தெளிப்பு எட்டாத நுளம்பினம் ஒன்றிலும் 1980-களில் எதிர்ப்பாற்றல் தென்பட்டது. ஆய்வாளர் விவசாய மருந்துகளையே காரணமாகக் காட்டினர். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் ஓயாது மருந்தடிக்கும் குடாநாட்டார் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

1990-களில் பைரித்ரொயிட் வகை நஞ்சுகள் வந்தன. டெல்ராமெத்ரின் அவ்வகையைச் சேர்ந்தது. போர்க்காலத்திலும் தடுப்புப்பணி முற்றாக நின்றுவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அடுத்த ஆண்டே மன்னாரில் ஸ்ரெபென்சி கண்டறியப்பட்ட செய்தி வெளியாயிற்று. நோய்க்கிருமியோ வெளிநாடு சென்று திரும்புவோரின் குருதியில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றது.

வற்றாத ஆறில்லாத குடாநாடு கிணறுகளால் வாழ்வது. ஸ்ரெபென்சி முட்டையிடுவதும் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலுமே. உவர்நீரையும் அது வெறுப்பதில்லை. குடிநீரில் நஞ்சை ஊற்றவும் முடியாது. அதே ஆய்வு, கப்பி மீன்கள் இதன் குடம்பிகளை உண்டு அழிப்பதையும் பதிவுசெய்துள்ளது. மீனின் வாய்க்குத் தப்ப நுளம்பு இன்னும் வழி காணவில்லை.