மாண்ட்கோமரி கவுண்டி வேளாண் காப்பு நிலம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனை ஒட்டியுள்ள மாண்ட்கோமரி கவுண்டியின் வடக்கு, மேற்கு ஓரங்களில் சுமார் 93,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் உழவு நிலமே வேளாண் காப்பு நிலம் எனப்படுகிறது. கவுண்டியின் பரப்பில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1980 அக்டோபரில் ஏற்கப்பட்ட ஒரு முழுமைத் திட்டத்தால் இது உருவானது. இந்நிலத்தை அரசு விலைக்கு வாங்கிவிடவில்லை. பெரும்பகுதி இன்றும் தனியார் சொத்தே. 25 ஏக்கருக்கு ஒரு வீட்டுக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதியும், கட்டாமல் விட்ட வீடுகளுக்கான உரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் சேர்ந்து இதைக் காத்துவருகின்றன.

கவுண்டியும் அதன் அதிகாரமும்

அமெரிக்காவில் கவுண்டி என்னும் ஆட்சிப் பிரிவுக்கு மாநிலத்துக்கு மாநிலம் பலம் வேறுபடும். வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் ஊராட்சிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள, கவுண்டி பெயரளவில் நிற்கிறது. மேரிலாந்தில் நிலைமை தலைகீழ். அங்கு இருப்பவை 23 கவுண்டிகளும் பால்டிமோர் நகரமும். நகராட்சிகள் குறைவு என்பதால் பள்ளி, சாலை, காவல், நிலப் பயன்பாடு ஆகிய அனைத்தும் கவுண்டியின் கைக்குள் வந்துவிடுகின்றன. பல நூறு பஞ்சாயத்துகள் தனித்தனியே முடிவெடுத்திருந்தால் 93,000 ஏக்கரை ஒரே விதிக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. இத்திட்டத்தைப் பின்பற்ற நினைக்கும் பிற ஊர்கள் முதலில் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

மாண்ட்கோமரி கவுண்டி 1776 செப்டம்பரில் பிரெடரிக் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி நாளில் கியூபெக் நகர முற்றுகையில் இறந்த தளபதி ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் பெயரைப் பெற்றது. தலைமையிடம் ராக்வில்.

நிலம் பற்றிய அதிகாரம் இங்கு இரண்டு இடங்களில் இருக்கிறது. 1927இல் மாநிலச் சட்டமன்றம் மேரிலாந்து தேசியத் தலைநகரப் பூங்கா, திட்ட ஆணையத்தை அமைத்தது. திட்டம் வரைவது அதன் வேலை. ஒப்புதல் அளிப்பதும் நில வகைப்பாட்டை மாற்றுவதும் கவுண்டியின் வேலை. ஆணையம் பிறக்க முன்னின்று உழைத்த ஈ. புரூக் லீ, சில்வர் ஸ்பிரிங் பகுதியில் மனை போட்டு விற்ற பெரும் நிலவணிகர். கவுண்டி அரசியலை நெடுங்காலம் தன் பிடியில் வைத்திருந்தவர். அவர் விற்ற மனைகளின் பத்திரங்களில் கறுப்பின மக்களுக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. திட்டமிடல் என்பது அக்கவுண்டியில் மனை வணிகத்தின் நிழலில்தான் தொடங்கியது. லீயின் பிடியைத் தளர்த்தக் கிளம்பிய நடுத்தர வகுப்பினரின் இயக்கத்தால் 1948இல் மாண்ட்கோமரி தனக்கெனத் தன்னாட்சிச் சாசனம் பெற்றது. மேரிலாந்தில் அவ்வாறு பெற்ற முதல் கவுண்டி இதுவே. 1970 முதல் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் கவுண்டி நிர்வாகத் தலைவர் ஒருவரும் இருக்கிறார்.

மண்ணின் வரலாறு

இப்பகுதியின் பழைய பயிர் புகையிலை. பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த புகையிலையே வரியாகவும் நாணயமாகவும் புழங்கியது. புகையிலை மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும். ஒரு வயல் சோர்ந்ததும் அடுத்த காட்டை வெட்டுவதே அன்றைய வழக்கம். வெட்டக் காடு தீர்ந்தபோது பலர் நிலத்தைப் போட்டுவிட்டு மேற்கே குடிபெயர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்ட்கோமரியின் பெரும்பகுதி மலட்டு நிலமாகவே மதிக்கப்பட்டது.

மண்ணை மீட்டவர்கள் சாண்டி ஸ்பிரிங் ஊரைச் சுற்றி வாழ்ந்த குவேக்கர் சமயக் குழுவினர். தம்மிடமிருந்த அடிமைகளை விடுவித்துவிட்ட இவர்கள் சிறு நிலத்தை ஆழ உழுது, சுண்ணாம்பும் எலும்புத் தூளும் இட்டு, தீவனப் பயிரை மாற்றி மாற்றி விதைத்தனர். பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த பறவை எச்ச உரமான குவானோவையும் பயன்படுத்தினர். உழவர் மன்றம் வைத்து, எந்த வயலில் எது பலித்தது என்று மாதந்தோறும் கூடிப் பேசினர். புகையிலை போய்க் கோதுமையும் மக்காச்சோளமும் வந்தன. இன்று காப்பு நிலத்தில் வளமானவை என்று சட்டம் தனிப் பாதுகாப்புத் தரும் வயல்களுள் பல, ஒரு காலத்தில் கைவிடப்பட்டவை.

வளத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. ஜோசயா ஹென்சன் இக்கவுண்டியின் ஒரு பண்ணையில் அடிமையாக இருந்தவர். கனடாவுக்குத் தப்பிச் சென்ற அவர் 1849இல் வெளியிட்ட தன்வரலாறு, ஹாரியட் பீச்சர் ஸ்டோ அடிமை முறையை எதிர்த்து எழுதிய நாவலுக்கு ஆதாரங்களுள் ஒன்றாயிற்று. 1864 நவம்பர் 1 அன்று மேரிலாந்தின் புதிய அரசமைப்பு அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற குடும்பங்கள் பூல்ஸ்வில் அருகே சிறு நிலங்களை வாங்கி சுகர்லாந்து என்ற ஊரை எழுப்பின. அவர்களின் தேவாலயம் இன்றும் காப்பு நிலத்துக்குள் நிற்கிறது.

போக்குவரத்து வந்ததும் நிலத்தின் மதிப்பு மாறியது. 1828இல் தோண்டத் தொடங்கிய செசபீக் - ஒஹாயோ கால்வாய் போட்டோமக் ஆற்றங்கரையோடு சென்று தானியத்தையும், செனெக்கா கல்குவாரியின் செங்கல் நிற மணற்கல்லையும் வாஷிங்டனுக்குக் கொண்டுபோனது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் கட்டடம் அக்கல்லால் கட்டப்பட்டதே. 1873இல் ரயில் பாதை திறந்த பின் மாண்ட்கோமரி தலைநகருக்குப் பால் ஊற்றும் கவுண்டியானது. அதே ரயில், பால் கேன்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மனை பார்க்க வருவோரையும் ஏற்றிவந்தது.

சாக்கடைக் குழாயும் ஐந்து ஏக்கர் விதியும்

கவுண்டியின் மக்கள்தொகை 1940இல் 83,912, 1950இல் 1,64,401, 1970இல் 5,22,809. இரண்டாம் உலகப் போரும் அதன் பின் பெருத்த மத்திய அரசு அலுவலகங்களும் இதற்குக் காரணம். இப்பெருக்கத்தை ஒழுங்குபடுத்த 1964இல் ‘ஆப்புகளும் வழித்தடங்களும்’ என்ற பொதுத் திட்டம் வரையப்பட்டது. வாஷிங்டனிலிருந்து விரித்த விரல்கள்போல் செல்லும் பெருஞ்சாலைகளை ஒட்டி நகரம் வளரட்டும், இடைப்பட்ட பகுதி பசுமையாகவே இருக்கட்டும் என்பது அதன் சாரம். படம் அழகாக இருந்தது. விரலிடைப் பகுதியைக் கட்டடங்களிடமிருந்து காக்கும் சட்டம்தான் அதில் இல்லை.

1970களின் தொடக்கத்தில் கிராமப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ஐந்து ஏக்கர் என்று விதி செய்தனர். இது உழவைக் காக்கவில்லை. வசதி படைத்தவர்களுக்குப் பெரிய மனைகளைத் தயார்செய்து கொடுத்தது. ஐந்து ஏக்கரில் குடியேறியவருக்கு உரநாற்றமும் அறுவடைக் காலத்தில் சாலையை அடைத்துச் செல்லும் இயந்திரமும் தொல்லையாகத் தெரிந்தன. நூறு ஏக்கர் உழுதுகொண்டிருந்தவரின் வயல்களுக்கு நடுவே இருபது வீடுகள் முளைத்தால் அங்கே உழவு ஓயும். குத்தகைக்கு அடுத்த வயல் கிடைக்காது. விதை, இயந்திரம் விற்கும் கடையும் மூடிவிடும்.

இதே காலத்தில் கழிவுநீர் பிரச்சினையாயிற்று. 1918இல் அமைந்த வாஷிங்டன் புறநகர்ச் சுகாதார ஆணையத்தின் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் நிரம்பியதால் புதிய இணைப்புகளுக்கே தடை விதிக்க நேர்ந்தது. குழாய் இல்லாத இடத்தில் வீடு கட்ட வேண்டுமானால் மண் கழிவுநீரை உறிஞ்ச வேண்டும். கவுண்டியின் மேற்கில் செம்மணற்கல் மேல் படிந்த மண் பல இடங்களில் உறிஞ்சாது. சட்டம் வகுப்பதற்கு முன்பே மண் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டது. குழாயை எதுவரை நீட்டுவது என்று கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமான கவுன்சில் எடுத்த முடிவுகள், பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்ட சட்ட விதிகளுக்குச் சற்றும் குறையாத பங்கை ஆற்றின.

1980ஆம் ஆண்டுத் திட்டம்

1972 முதல் 1981 வரை, திட்ட ஆணையத்தின் மாண்ட்கோமரிப் பிரிவான திட்டக் குழுவின் தலைவராக இருந்தவர் அரசியல் அறிஞர் ராய்ஸ் ஹான்சன். நிலத்தை எல்லாம் விலைக்கு வாங்கக் கவுண்டியிடம் பணமில்லை. வாங்காமல் விதியை மட்டும் இறுக்கினால் உழவரின் சொத்து மதிப்பு சரியும். இந்த முடிச்சை அவிழ்க்க அவருடைய குழு இரண்டு நடவடிக்கைகளை ஒன்றாக இணைத்தது. ஒரு வீட்டுக்கு ஐந்து ஏக்கர் என்றிருந்ததை 25 ஏக்கர் ஆக்கியது. ஆனால் பழைய கணக்கின்படி ஐந்து ஏக்கருக்கு ஒன்று வீதம் ‘வளர்ச்சி உரிமை’யை நில உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்தது. சென்னைப் பெருநகரில் டி.டி.ஆர். என்று கட்டுமானத் தொழிலினர் சொல்லும் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

கணக்கு எளிது. நூறு ஏக்கர் உள்ளவருக்கு 20 உரிமைகள். அவர் தம் நிலத்தில் கட்டக்கூடியவை நான்கு வீடுகள். வீட்டுக்கு ஓர் உரிமை கையில் இருக்க வேண்டும். மீதமுள்ள 16 உரிமைகளை ஓல்னி போன்ற ‘பெறும் பகுதி’களில் கட்டும் நிறுவனத்துக்கு விற்கலாம். வாங்கியவர் அங்கே வழக்கமான அளவுக்கு மேல் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்வார். விற்பனை நடந்ததும் உழவரின் நிலத்தின்மேல் நிலையான கட்டுப்பாடு பத்திரமாகப் பதிவாகும். நிலம் கைமாறினாலும் அது தொடரும். விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. இவ்வாறு கருவூலத்திலிருந்து பணம் போகாமல் 50,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்டது. நாட்டில் இம்முறையால் இவ்வளவு நிலம் காத்த இடங்கள் மிக அரிது.

உழவர்கள் எதிர்த்தனர். நிலமே தங்கள் சேமிப்பு, அடமானம் வைத்துத்தான் விதைக்கும் பணம் புரட்டுகிறோம் என்றனர். மனக்கசப்பைத் தணிக்க, 1981க்கு முன்பிருந்தே நிலம் வைத்திருப்போர் தம் பிள்ளைகளுக்குத் தனி மனை பிரித்துக் கொடுக்கச் சலுகை தரப்பட்டது. விதி தங்கள் சொத்தைப் பறிப்பதாகத் தொடுத்த வழக்கு 1983இல் சர்க்யூட் நீதிமன்றத்தில் தோற்றது. அத்துடன் அந்தக் குறை நியாயமாகவே தீர்ந்தது எனலாம்.

பெரிய அடி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கூடுதல் வீடுகள் வந்து சேரவிருந்த பகுதியின் குடியிருப்போர் சங்கம் ஒன்று வழக்காடியது. 1987இல், அப்பீல் நீதிமன்றம் என அப்போது அழைக்கப்பட்ட மாநிலத்தின் உச்ச மன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் எத்தனை வீடு என்பதைக் கவுன்சில் முறையான வகைப்பாட்டு நடைமுறையில் தானே நிர்ணயிக்க வேண்டும். முழுமைத் திட்டத்தில் குறித்து வைத்துத் திட்டக் குழுவிடம் விட்டுவிட முடியாது என்பது தீர்ப்பின் மையம். 25 ஏக்கர் விதி அசையவில்லை. கவுன்சில் பெறும் பகுதிகளுக்குத் தனி வகைப்பாடு வகுத்து ஓட்டையை அடைத்தது.

பிற்சேர்க்கைகள்

உரிமை விற்பனையோடு நேரடிக் கொள்முதலும் நடக்கிறது. 1977இல் மாநிலம் அமைத்த மேரிலாந்து வேளாண் நிலக் காப்பு நிறுவனமும், 1980களின் இறுதியில் கவுண்டி தொடங்கிய திட்டமும் உழவரிடமிருந்து கட்டும் உரிமையை வாங்குகின்றன. உழவு நிலம் வேறு பயன்பாட்டுக்கு மாறும்போது வசூலாகும் மாற்று வரி இதற்கு உதவுகிறது. 25 ஏக்கருக்கு ஒரு வீடு கட்டவென எஞ்சிய உரிமைகளையும் வாங்கி, அந்த வீடுகளும் எழாமல் தடுக்க 2008இல் தனித் திட்டம் வந்தது. பெரிய தேவாலயங்களும் தனியார் பள்ளிகளும் மலிவான நிலம் தேடி வரத் தொடங்கியபோது, அவற்றுக்குக் குடிநீர், கழிவுநீர்க் குழாய் நீட்டுவதில்லை என்று 2005இல் கவுன்சில் முடிவெடுத்தது. இங்கும் குழாய்தான் தீர்த்துவைத்தது.

காப்பு நிலத்தால் வீட்டு விலை ஏறியது, இது வசதி படைத்தோரின் தோட்டம் என்ற விமரிசனம் உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புகளில் 15 சதவீதத்தை நடுத்தர, குறைந்த வருவாயினருக்கு ஒதுக்க வேண்டுமென்று 1974இலேயே சட்டம் செய்ததும் இதே கவுண்டிதான் என்பதை விமரிசகர்கள் நினைப்பதில்லை.

இன்றைய நிலை

2014இன் வகைப்பாட்டுத் திருத்தத்தில் இம்மண்டலம் ஏ.ஆர். என்ற குறியீடு பெற்றது. மக்காச்சோளம், சோயா, கோதுமை, வைக்கோற்புல் ஆகியவை முக்கிய விளைச்சல். குதிரைப் பண்ணைகள் பல. காப்பு நிலத்துக்குள் உள்ள டிக்கர்சனில் 1995 முதல் கவுண்டியின் குப்பை எரியாலை இயங்குகிறது. அங்கிருந்த நிலக்கரி மின்நிலையம் 2020இல் நின்றது. போட்டோமக் ஆற்றில் வண்டிகளை அக்கரை சேர்த்துவந்த ஒயிட்ஸ் ஃபெரி படகுத்துறை, மறுகரை நில உரிமை வழக்கால் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் கவுன்சில் சூரிய மின்தகடுகளை நிபந்தனையுடன் அனுமதித்து, முதல், இரண்டாம் தர மண்ணில் அமைக்கத் தடை விதித்தது. 2020 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 10,62,061. வகைப்பாட்டு விதியைக் கவுன்சில் பெரும்பான்மை வாக்கால் மாற்ற முடியும். உரிமை விற்றுப் பத்திரம் பதிவான நிலத்தின் கட்டுப்பாட்டை அவ்வாறு நீக்க முடியாது.