இடைச்செருகலும் திருமறைக் காப்பும்

தமிழில் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் படிப்போர், யோவானின் முதல் திருமுகத்து ஐந்தாம் அதிகாரத்தை அடைந்ததும் சற்றே திகைப்பர். தந்தை, வார்த்தை, தூய ஆவி ஆகிய மூவரும் விண்ணகத்தில் சான்று பகர்கின்றனர் என்றும், அம்மூவரும் ஒன்றே என்றும் உரைக்கும் தொடர், 1871ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பில் உண்டு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் பாடத்தில் இல்லை. திருமறையில் கைவைத்தவர் யார் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அதற்கு விடை காண, அத்தொடரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

அச்சுக்கலை வருமுன் திருமறை கையாலேயே படியெடுக்கப்பெற்றது. நான்காம் நூற்றாண்டினவாகிய சினாய்ப் படி, வத்திக்கான் படி ஆகிய தொன்மையான கிரேக்கப் படிகளில் இத்தொடர் இல்லை. இதனைக் கொண்ட கிரேக்கப் படிகள் மிகச் சிலவே. அவையும் காலத்தால் மிகப் பிற்பட்டவை. இலத்தீனிலோ, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பிரிசில்லியன் சார்பினரின் நூலொன்றில் இது தெளிவுறக் காணப்படுகிறது. ஆவி, நீர், இரத்தம் என்னும் மூன்று சான்றுகளுக்கு எவரோ ஓரத்தில் வரைந்த விளக்கம், பின்வந்த எழுத்தர் கையால் பாடத்துள் புகுந்தது என்பது அறிஞர் பலரின் துணிபு. நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் இடைச்செருகல் எனச் சுட்டுவதும் இத்தகையதே.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ், தாம் கண்ட கிரேக்கப் படிகளில் இத்தொடர் இன்மையால், 1516, 1519ஆம் ஆண்டுப் பதிப்புகளில் இதனைச் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தது. இதனைக் கொண்ட கிரேக்கப் படி ஒன்று பின்னர்க் காட்டப்பெறவே, 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். எனினும், அப்படி இலத்தீனுக்கு இயையத் திருத்தப்பட்டதோ என்னும் தம் ஐயத்தை மறைத்தாரல்லர். அவ்வழியே வந்த தொடர் 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இடம்பெற்றது.

1781இல் வரலாற்றாசிரியர் கிப்பன் இதனை எள்ளினார். டிராவிஸ் என்னும் சமயத் தலைவர் 1784இல் இதனைக் காக்க முற்பட்டார். கிரேக்கப் புலமையில் தலைசிறந்த போர்சன், படிகளின் சான்றை அடுக்கடுக்காகக் காட்டி அவர் வாதத்தைத் தகர்த்த மடல்கள் 1790இல் நூலாயின. 1881ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருத்தப் பதிப்பு இத்தொடரை நீக்கியது. 1897இல் இதனை மறுத்தற்குத் தடைவிதித்த உரோமைத் தலைமைப்பீடம், 1927இல் ஆய்வாளர்க்கு வழிவிட்டது. 1979ஆம் ஆண்டின் புதிய இலத்தீன் விவிலியத்தில் இத்தொடர் இல்லை.

இது போயின் மும்மைக் கோட்பாடே போய்விடுமன்றோ என அஞ்சுவார் உளர். அவர்க்கு வரலாறே விடை தருகிறது. நான்காம் நூற்றாண்டில் ஆரியுசின் கொள்கையை எதிர்த்து வாதிட்ட கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் இத்தொடரை எடுத்தாளவேயில்லை. அவர்தம் திருமறையில் இஃது இருந்திருப்பின் எடுத்தாளாது விடுவரோ? 325இல் நைசியாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் இதன் துணையின்றியே அக்கோட்பாட்டை வகுத்தன. ஆகவே, அக்கோட்பாடு நிற்பினும் வீழினும் அது பிற சான்றுகளால் ஆவதேயன்றி இவ்வொரு தொடரால் ஆவதன்று.

ஆதலின், இத்தொடரை நீக்கியோரைத் திருமறையின் பகைவர் எனல் பொருந்தாது. ஐயத்துக்குரிய சான்றை விடாது பற்றியவர் எள்ளலுக்கு இடந்தந்தனர். அதனை ஆய்ந்து விலக்கியவரோ எஞ்சிய பாடத்தின் மீது நம்பிக்கையை வளர்த்தனர். மூலபாட ஆய்வைச் சமயப் பற்றுக்கு மாறானதாகக் கருதாமல், அப்பற்றின் நேர்மைக்கு உரைகல்லாகவே நாம் கொள்ளுதல் தகும்.