ட்ராப்பிஸ்ட்-1 கோள்கள்

கும்ப விண்மீன் மண்டலத்தில், சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள செங்குறு விண்மீன் ட்ராப்பிஸ்ட்-1. ஏறத்தாழப் பூமியளவுள்ள ஏழு கோள்கள் அதைச் சுற்றுவதாக, மிக்கேல் கில்லோன் தலைமையிலான வானியலாளர் குழு 2017 பிப்ரவரியில் அறிவித்தது.

விண்மீன் வியாழனைவிடச் சற்றே பெரியது, சூரியனைவிட வெப்பமும் குறைவு. ஆகவே, ஆறே நாளில் ஒரு சுற்றை முடிக்கும் 'இ' கோளிலும் நீர் திரவமாக இருக்க வாய்ப்புண்டு. எஃப், ஜி கோள்களும் இந்த வாழ்தகு மண்டலத்தில் உள்ளன. அது மட்டும் போதாது; காற்றும் வேண்டும். விண்மீனின் சீற்றம் வளிமண்டலத்தையே அரித்துவிடக்கூடும். மிக அருகில் சுற்றும் 'பி' கோளில் குறிப்பிடத்தக்க வளிமண்டலம் எதையும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் காணவில்லை.

பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006இல் பிராக் நகரில் வகுத்த வரையறைப்படி, கோள் சூரியனைச் சுற்ற வேண்டும். புளூட்டோவை விலக்கிய அந்த வரையறைக்குள் இந்த ஏழும் அடங்கா, இவை புறக்கோள்கள்.